தறிக்கு அடியில் இருந்த கண்ணாடி

நீதிமன்றத்தில் பைபிளின்மேல் கை வைத்துச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான்.

என் கணவர் ஜேபஸ் டுப்ரீ பட்டு நெசவாளி. லண்டனில், பெத்னல் கிரீனில், மாடி அறையில் எங்கள் தறி. அந்த நவம்பரில் அரண்மனை விருந்துக் கூடத்துக்குச் சிவப்புத் திரைச்சீலை நெய்துகொண்டிருந்தார். கிரீடமும் ரோஜாவும் போட்ட கனத்த பட்டு. இந்த வகைத் துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படிதான் நெய்வோம். பூ சரியாக விழுகிறதா என்று பார்க்க, துணிக்கு அடியில் ஒரு கண்ணாடியை வைப்போம்.

எங்கள் கண்ணாடி உடைந்துபோனதால் ஜேபஸ் சந்தையில் பழையது ஒன்று வாங்கிவந்தார். கீழ்வீட்டு நெசவாளி ஒபதியா அதைப் பார்த்துச் சிரித்தான்.

“அடப்பாவி, இது அறுப்புக்காரனோட கண்ணாடிடா! சட்டத்துல கத்தி செதுக்கியிருக்கு பாரு. பேசின கூலிக்குக் கீழ நெய்யறவன் வீட்டுல பூந்து, தறியிலயே துணியை அறுத்துட்டுப் போவானாமே, தூக்குல கூடப் போட்டாங்களே, அவன்! நீ வேற குறைஞ்ச கூலிக்குத் தலையாட்டிட்டு வந்திருக்கே.”

“போடா. செத்தவன் வந்து கூலிக் கணக்கா கேக்கப்போறான்?” என்றார் ஜேபஸ்.

மறுநாள் மதியம் மூன்று மணி. வெளியே மஞ்சள் மூடுபனி. விளக்கேற்றி நெய்துகொண்டிருந்தார். நான் அறையின் மறுகோடியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

டக்... டக்... தறி நின்றது.

“கெஸ், விளக்கை ஆட்டினியா?”

“இல்லையே.”

குனிந்து அடியில் பார்த்தார். “துணி அசையல. கண்ணாடியில மட்டும் பூ ஆடுது.”

“கண்ணு அசந்துபோச்சு. எழுந்து வந்து டீ குடிங்க.”

“இந்தக் கிரீடத்தை முடிச்சுட்டு வரேன்.”

டக்... டக்...

சர்ர்ர்...

பட்டு கிழியும் சத்தம். நெசவாளி வீட்டில் கேட்கவே கூடாத சத்தம்.

துணி நடுவில் பிளந்துகொண்டே போனது. இழைகள் அறுந்து மேலே தெறித்தன. ஜேபஸ் இரண்டு கையாலும் பிளவை இழுத்துப் பிடித்தார்.

பிளவின் வழியே ஒரு கை வந்தது. கீழிருந்து. கத்தியோடு.

முதலில் அவர் கட்டைவிரல். பிறகு கழுத்து.

பாய்ந்து அந்தக் கையைப் பற்றினேன். சில்லென்று, வழவழவென்று... கண்ணாடியைத் தொட்டதுபோல. என் உள்ளங்கையும் அறுந்தது.

அவர் பட்டின்மேலேயே சரிந்தார்.

தறிக்கு அடியில் குனிந்தேன்.

யாருமில்லை.

கண்ணாடி மட்டும்.

என் அலறல் கேட்டு ஒபதியா கதவை உடைத்துக்கொண்டு வந்தான். உள்தாழ் போட்டிருந்தது. உள்ளே ரத்தத்தோடு நான் ஒருத்திதான். கொலைக் குற்றம் என்மேல் விழுந்தது. அறையெங்கும் தேடியும் கத்தி அகப்படவில்லை. அவருடைய கட்டைவிரலும் அகப்படவில்லை. விரலில்லாமல்தான் புதைத்தார்கள்.

விசாரணையின் கடைசி நாளில், நீதிபதி சொன்னதால், ஒரு காவலர் எல்லோர் முன்னிலும் அந்தக் கண்ணாடியின் பின்பலகையைப் பெயர்த்தார். லேசில் வரவில்லை. ஆணிகள் துருவேறி மரத்தோடு ஒன்றிப்போயிருந்தன. அதை ஒரு தலைமுறையாக யாரும் திறந்திருக்க முடியாது என்று தச்சர் சாட்சி சொன்னார்.

என்னை விடுவித்தார்கள்.

கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே இருந்தது ஜேபஸின் கட்டைவிரல். சிவப்புப் பட்டு இழை சுற்றியிருந்தது.

அவரைப் புதைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விரலில் ரத்தம் இன்னும் காயவில்லை.