அந்தக் குரலுக்குக் கணக்கு தெரியுமா?

தொண்ணூறுகளில் தச்சநல்லூரில் ஒரு சிறிய மனநல மையத்தில் சமூகப் பணியாளராக இருந்தேன். காதில் குரல் கேட்கிறவர்களை வாரம் ஒருமுறை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுவது என் வேலை. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்தது இதுதான்: குரல் என்ன சொல்கிறது என்று தோண்டாதே, பேச்சை மாற்று. நானும் மாற்றி மாற்றியே காலம் தள்ளினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கணக்கு வாத்தியார் சங்கரன் முகம் செத்துப்போய் வந்து உட்கார்ந்தார். நீண்ட விடுப்பு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்குப் போகவேண்டும். இந்த முறையும் பாதி வகுப்பில் வெளியே வந்துவிட்டால் வேலை போய்விடும்.

"போர்டுல எழுத ஆரம்பிச்சாலே காதுல ஒருத்தன் 'தப்பு, தப்பு'ங்கான் சார். மாத்திரையில சத்தம் கொறஞ்சிருக்கு, ஆளு போகல."

நான் வழக்கம்போல, "தூக்கம் எப்படி?" என்று ஆரம்பித்தேன். எதிரே இருந்த பிலோமினா விடவில்லை. கடற்கரை ஊர்க்காரர், மீன் வியாபாரி. அவருக்கும் பல வருஷமாகக் குரல் கேட்கும்.

"தூக்கம் கெடக்கட்டும். சார், ஒங்க காதுல வாரவனுக்குக் கணக்கு தெரியுமா?"

"என்ன கேக்கிய?"

"எனக்கு வாரவன் தெனமும் மீன் விலை சொல்லுதான். நம்பிப் போனா ஒருநாளும் சரியா இருந்ததில்ல. வெறும் வாய்ச்சவடால்! ஒங்காளையும் சோதிச்சுப் பாருங்க."

பயிற்சியில் சொன்னதற்கு இது நேர் எதிர். ஆனால் என்னதான் நடக்கும் என்று பார்க்கும் ஆசையும் விடவில்லை. சங்கரன் எழுந்து சுவர்ப் பலகையில் ஒரு கணக்கைப் போட்டார்.

"தப்புங்கான்."

"அப்ப சரியான விடைய அவன்கிட்டயே கேளுங்க!"

சங்கரன் கண்ணை மூடி நின்றார்.

"பேச்சுமூச்சக் காணும்," என்றார். பிறகு, "மறுபடியும் தப்புங்கான். அவனுக்கு வேற ஒண்ணுமே தெரியல!" என்று சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். மாத்திரையும் தொடர்ந்தது, குரலும் தொடர்ந்தது. ஆனால் அதன்பின் யார் புதிதாக வந்தாலும், "குரல் என்ன சொல்லுது? யாரு மாதிரி பேசுது?" என்றுதான் முதலில் கேட்டேன். தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டால் மனிதர்கள் பேசுகிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் சங்கரன் நேரே மையத்துக்கு வந்தார். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"எல்லா பீரியடும் எடுத்துட்டேன் சார். நாள் பூரா 'தப்பு தப்பு'ன்னுட்டே இருந்தான். கடைசி வகுப்புல நெசமாவே ஒரு தப்பு விட்டுட்டேன். ஒரு பிள்ள எந்திரிச்சு சொல்லிச்சு. அப்ப மட்டும் அந்தப் பய வாயே தெறக்கல சார்!"