ஒவைஸின் பேட்ஜ்

இதில் நான் சேர்த்தது எதுவும் இல்லை. நேரங்கள்கூட செங்குட்டுவன் சொன்னவைதான். எண்ணூரில்தான் இருக்கிறார். இன்று போய்க் கேட்டாலும் இதே நேரங்களைத்தான் சொல்வார்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. ஆலைகளின் பெரிய தொட்டிகளுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும் கருவிகளைப் பழுது பார்ப்பார்கள். கருவிக்குள் விரல்நுனி அளவில் ஒரு உலோகக் குப்பி. அதற்குள் அமெரிசியம். மண்ணைத் தோண்டினால் கிடைக்காது. அணு உலையில் மனிதன் உண்டாக்கியது. கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசிக்கொண்டே இருக்கும். அதனால் கொட்டகையின் பின்னறையில், தரைக்குள் குழி வெட்டி, மெழுகும் ஈயமும் சூழ இறக்கி வைத்திருந்தார்கள்.

குழியின் மூடிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி செங்குட்டுவனிடம். இன்னொன்று ஒவைஸிடம். தனி ஆள் திறக்கக் கூடாது. சாவி கேட்டைத் தாண்டவும் கூடாது.

செங்குட்டுவனுக்குப் பதினாறு வருட சர்வீஸ். ஒவைஸுக்கு மூன்று. குப்பியைத் தூக்கும் நீள இடுக்கியை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். பாதுகாப்பு அதிகாரி தேர்வில் இருவரும் தேறினார்கள். ஒருவரைத்தான் நியமிக்க முடியும். முதலாளி ஒவைஸைத் தேர்ந்தெடுத்தார்.

அதிகாரி அறைக் கதவில் மாட்டிய அவன் பெயர்ப்பலகையை செங்குட்டுவன் தினமும் பார்த்தார். வந்ததும் ஒரு முறை. டீக்கு முன் ஒரு முறை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அது சோற்றில் தெரிந்தது.

அங்கே எல்லோரும் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார்கள். உடம்பில் பட்ட கதிரை அது பதிந்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்கூடம் படித்துச் சொல்லும். அளவு மிஞ்சினால் விசாரணை. அந்த ஆளுக்கு அப்புறம் இந்த வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை. பகல் 12.48.

"மாமு, ஜும்மாவுக்குப் போய்ட்டு வந்துர்றேன். சாவிய நீயே வச்சிக்க."

"ஆபீசர் சொன்னா சரிதான் நைனா."

"அய்ய, கலாய்க்காத மாமு. வரசொல்ல பிரியாணி வாங்கியாறேன்."

பேட்ஜைக் கழற்றி, பேட்ஜ்கள் தொங்கும் பலகையில் மாட்டிவிட்டுப் போனான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

12.56. செங்குட்டுவன் அந்தப் பேட்ஜை எடுத்தார். பெயரை இரண்டு முறை படித்தார். ஒவைஸ். தன்னுடையது தன் நெஞ்சில் இருந்தது. கழற்றவில்லை. ஒரு நிமிட வேலை, அதற்குள் ஒன்றும் ஏறிவிடாது.

கையில் மீட்டரை எடுத்துக்கொண்டார். கதிர் பட்டால் அது 'டிக்' என்னும். அதிகம் பட்டால் வேகமாக. பின்னறையில் எப்போதும் மெல்ல அடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பூட்டையும் திறந்தார். மூடியை நகர்த்தினார்.

மீட்டர் நின்றுவிட்டது.

பேட்டரி என்று நினைத்தார். பேட்ஜை நூலில் கட்டி உள்ளே இறக்கினார். மூடியைப் போட்டார். யாராவது வருகிறார்களா என்று பார்க்க, மீட்டரோடு கேட்டுக்கு நடந்தார். அறுபது அடி இருக்கும்.

1.04. கேட்டில் மீட்டர் அடிக்கத் தொடங்கியது.

டிக்... டிக்... டிக் டிக் டிக்...

அங்கே கதிர் வர வழியே இல்லை. அணைத்தார்.

அணைத்த பிறகும் அடித்தது.

அதை அங்கேயே வைத்துவிட்டுப் பின்னறைக்கு ஓடினார். போதும், எடுத்துவிடலாம். 1.11. மூடியை நகர்த்தினார்.

குழிக்குள் யாரோ பேசினார்கள். மெதுவாக.

"இன்னும் கொஞ்ச நேரம் வுடு."

அவருடைய குரல். அவருடைய சொந்தக் குரல்.

"யா... யாரு?"

"பதினாறு வருசம் உழைச்சது யாரு? வுடு. நல்லா ஏறட்டும்."

நூலை இழுத்தார். வரவில்லை.

கீழே பிடி இருந்தது.

இழுத்தார்.

சிரிப்பு...

அதுவும் அவருடையதுதான்.

1.13. பிடி விட்டது.

1.55க்கு ஒவைஸ் வந்தான். பேட்ஜ் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா மாமு, மூஞ்சி பேயறைஞ்சா மாரி கீது?"

"வெயிலு."

பொட்டலத்தைப் பிரித்து, பெரிய கறித் துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினான். செங்குட்டுவன் சொல்லிவிட வாயெடுத்தார். பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. கறித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அந்தக் காலாண்டின் அறிக்கை வந்தது. ஒவைஸின் பேட்ஜில் ஒன்றுமே ஏறவில்லை. குழிக்குள் கால்மணி நேரம் கிடந்த பேட்ஜ்.

செங்குட்டுவனுடையதில் அளவு மிஞ்சியிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். உடம்பு முழுக்க அளந்தார்கள். சுத்தமாக இருந்தது. ஆனாலும் விதி விதிதான். அவரை விலக்கும் தாளில் ஒவைஸ் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டுவிட்டு அழுதான்.

பிறகு, மனசு கேட்காமல், சோதனைக்கூடத்துக்கு போன் செய்தான். மறுபடி படித்துப் பார்க்கச் சொன்னான். மூன்று முறை படித்துவிட்டோம் என்றார்கள். அவர்களுக்கும் ஒன்று விளங்கவில்லையாம்.

பேட்ஜுக்கு முன்பக்கம் உண்டு, பின்பக்கம் உண்டு. கதிர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியும். முன்பக்கம் வெளியே பார்க்கும். பின்பக்கம் சட்டையோடு ஒட்டியிருக்கும்.

கதிர் பின்பக்கத்திலிருந்து வந்திருந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து.