களனி ஆற்றுக்குப் போன வாளி

வெள்ளவத்தையிலிருந்து காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டேன். கையில் மூடி போட்ட பெயின்ட் வாளி. அதற்குள் ஒரு முழ நீளத்தில் உயிருள்ள மீன். மச்சாளின் குடும்பத்தைக் கனடாவுக்கு வழியனுப்பவென்று பருத்தித்துறையிலிருந்து வந்தவனுக்குக் கிடைத்த வேலை இது. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னும் என்று விரலளவில் வாங்கிய மீன். கொழும்பில் எல்லாரும் ‘டேங்க் கிளீனர்’ என்கிறார்கள். தொட்டியை விற்றாகிவிட்டது. உடம்பெல்லாம் முள்ளும் ஓடுமாய்க் கறுத்துக் கிடக்கிற இதை இனாமாகக்கூட ஒருவரும் கேட்கவில்லை.

“பயணம் போகேக்க ஒரு உயிரைக் கொல்லக்கூடாது, அத்தான்,” என்றாள் மச்சாள். கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். “உந்த வெள்ளவத்தைக் கால்வாய் நாறுது. களனி ஆத்தில விட்டிட்டு வாங்கோ. அதெண்டாலும் நல்லா இருக்கட்டும்.” மாடி வீடுகளிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாம்.

ஆற்றுக்குக் கிட்ட இருக்கிற கொட்டாஞ்சேனைக்குப் பத்துக் கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் நின்றே போனேன். கொம்பனித்தெருவைத் தாண்டுவதற்குள் தண்ணீரில் பாதி என் காற்சட்டையில். மீன் மட்டும் சாகிற எண்ணத்தில் இல்லை.

கொட்டாஞ்சேனைச் சந்தியில் களனி ஆற்றுக்கு ஆட்டோ பிடித்தேன். எழுநூறு ரூபாய். சாரதி என் வயதுடைய முஸ்லிம் மனிதர், வாளியைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

“எங்கட மகனும் ரெண்டு வச்சிருந்த. பெருசாகின பொறகு கால்வாய்ல உட்ட. எங்கயாச்சும் உசுரோட ஈக்கும்.”

பதினொரு மணிக்கு ஆற்றங்கரையில் இறங்கினேன். பலகை வீடுகளுக்குப் பின்னால் ஒரு மீனவர் வலையை விரித்து வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். பெயர் செல்வராஜ், ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து சிறு வயதில் வந்தவர். வலை நிறைய மீன். மகிழ்ந்து கிட்டப் போனேன். எல்லாம் என் வாளிக்குள் இருந்த மீனின் இனம்தான்.

“முள்ளு மாட்டுனா எடுக்க முடியாதுங்க. வலையத்தான் அறுக்கணும்,” என்றார். “திங்கிற மீனு நாலே நாலு கெடந்துச்சு.”

கரையைக் காட்டினார். தண்ணீர் மட்டத்தில் மண்ணெல்லாம் பொந்து. முட்டையிடத் தோண்டுகின்றனவாம், ஆண் மீன் அங்கேயே காவல் கிடக்குமாம். அடிமண் சரிந்து ஒரு வீட்டின் பின்சுவர் அந்தரத்தில் நின்றது. தொட்டியில் இதை அடக்கி வைக்கக் கண்ணாடி இருந்தது. இங்கே என்ன இருக்கிறது? கொக்கு விழுங்கினால் தொண்டையில் சிக்கும். மனிதர் வாங்குவதில்லை.

“அப்ப என்ன செய்யப் போறியள்?”

“பின்னேரம் தோணிய வாங்க ஆளு வருது. எஞ்சினோட குடுத்துட்டு, வெள்ளவத்தையில ஒரு பிளாட்டுல செக்யூரிட்டி வேலைக்குப் போறேன்.”

வாளியை ஒளிக்க இடமில்லை. அவரே மூடியைத் திறந்தார். “தெரியாமல் கொண்டந்திட்டன். நீங்களே ஏதும் செய்யுங்கோ,” என்றேன். என் வாயால் கொல்லச் சொல்ல வரவில்லை.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு வாளியைத் தூக்கி ஆற்றில் கவிழ்த்தார்.

“ஒண்ணக் கொன்னு என்னங்க ஆகப்போவுது.”

மீன் சேற்றில் ஒரு கணம் நின்றுவிட்டுப் போய்விட்டது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாளியை இரண்டு தரம் கழுவி என்னிடம் நீட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் ஊர் ஞாபகம் வந்தது. யுத்த காலத்தில் எங்கள் பக்கம் சனம் வீட்டை விட்டுப் போனபோது மிஞ்சிய நாயும் பூனையும் பசியில் செத்தன. இங்கே மிஞ்சியது சாகமாட்டேன் என்கிறது. இரண்டில் எது கொடுமை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மச்சாள் சூட்கேசைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

“விட்டாச்சோ?”

“ஓம். அங்க ஒரு மனுசன் தோணியை விக்கிறார்...”

“பாவம்,” என்றாள், தராசின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். “அத்தான், கீழ் வீட்டு ஆக்களும் வாற மாதம் அவுஸ்திரேலியா போகினம். அவையளிட்டையும் உந்த மீன் ரெண்டு கிடக்குதாம். வாளியைக் கழுவி அவையளிட்டைக் குடுத்துவிடுங்கோ.”

வாளி கழுவித்தான் இருந்தது.