எட்டுப் பேரும் இருந்த ஒரு பாட்டு

அருள்பாண்டிய மொதமொதல்ல பாத்தப்போ எனக்குக் கோவம்தான் வந்துச்சு. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி நம்ம குடோன். ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபையர், மைக் ஸ்டாண்டு, ஒயரு எல்லாம் அங்கதான் கெடக்கும். மஞ்சுளா சவுண்ட் சர்வீஸ்னா ஒரகடம் வரைக்கும் தெரியும். எங்க வூட்டுக்காரரு லோடு வண்டி ஓட்டுவாரு, மிக்ஸர்ல கை வெக்கிறது நான். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊத்துறது, கம்பெனி ஆயுத பூஜைன்னு எல்லாத்துக்கும் நாங்கதான். ஒருநாள் மத்தியானம் சாப்ட்டுட்டுக் கொஞ்சம் கண்ண மூடுனேன். சுவத்துக்கு அந்தாண்ட எவனோ ட்ரம்பெட் ஊதிக்கினு இருக்கான். ஒரே பாட்டுத் துண்டு, திரும்பத் திரும்ப. ஊதுவான், நிறுத்துவான், மறுபடி ஊதுவான்.

வெளிய போயி, "இன்னாபா, ஊருக்குள்ள வேற சுவரே கெடைக்கலையா?"ன்னு கேட்டேன்.

"கோவிச்சுக்கிடாதியக்கா. ரூம்ல ஊதுனா, நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுத் தூங்குதவன் அடிக்க வாரான்"னான்.

பேச்சுலயே தெரிஞ்சிபோச்சு, தெக்கத்திப் புள்ள. தூத்துக்குடிக்குப் பக்கத்துல ஏதோ ஊரு. ஊர்ல மாதா கோயில் திருவிழா பேண்டு செட்டுல ட்ரம்பெட் கத்துக்கினவன். இங்க காரு பார்ட்ஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்தப்போ துணிமணியோட அதையும் தூக்கியாந்துட்டான். ஒரு ரூம்ல ஆறு பேரா தங்கிக்கினு இருந்தான். வயசு முப்பதத் தொடப் போவுது, கல்யாணம் பண்ணிக்கோன்னு வூட்ல நச்சரிச்சா செல்போன ஸ்பீக்கர்ல போட்டுட்டுத் துணி தொவைப்பான். சாது. அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டான். ஆனா பிடிவாதம், அப்பப்பா, சொல்லி மாளாது.

"ஏன் நிறுத்தி நிறுத்தி ஊதுற, மூச்சு பத்தலையா?"ன்னு கேட்டேன். சிரிச்சான். "இது ஃபங்க்குக்கா"ன்னுட்டு, அவன் காதுல இருந்த ஒயர்ல ஒண்ண எடுத்து என்கிட்ட குடுத்தான்.

அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க கட்டுன பாட்டாம். டிரம்ஸு, பேஸ் கித்தாரு, மூணு பேரு ஊதுறாங்க, ஒருத்தி தொண்ட கிழியப் பாடுறா. அருள்பாண்டி வெளக்கம் சொன்னான். "மொத தட்டுல எல்லாரும் ஒண்ணா விழணும்க்கா. அதுக்குப் பொறவு அவனவன் இடத்துல அவனவன். இன்னொருத்தன் பேசும்போது நம்ம வாய மூடிக்கிடணும். அந்த மூடுறதுலதான் ஆட்டமே இருக்கு." எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா கால் பாட்டுக்குத் தரையில தட்டிக்கினு இருந்துச்சு, அத அவன் பாத்துட்டான். அன்னிலருந்து நம்ம குடோன்ல ஒரு மூலை அவனுதாயிடுச்சு.

அவனுக்கு இருந்த ஆசை ஒண்ணே ஒண்ணு. இதே மாரி ஒரு பேண்டு, எட்டுப் பேரோட, ஒரு தடவையாச்சும் மேடையில முழுசா வாசிச்சிடணும். நம்ம பக்கம் மேடைக்கா பஞ்சம்? ஆடி வந்தா தெருவுக்குத் தெரு மேடைதான். ஆனா ஏறுறது யாரு? ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு, ரெண்டு பேரு பாட, அவ்ளோதான் கச்சேரி. சினிமா பாட்டு போதும். ட்ரம்பெட்டு, சாக்ஸபோனு, வயலினு எல்லாம் கீபோர்டுக்குள்ளயே கீது, பொத்தான அமுக்குனா வருது. "இதுல எல்லாமே வருதே, அப்புறம் எதுக்குமா மூணு ஆளு நின்னு ஊதணும்? மூணு பேருக்கும் பிரியாணி வேற போடணுமா?"ன்னு என்கிட்டயே கேட்டிருக்காங்க. அவங்கள மட்டும் சொல்லி இன்னா பண்றது. எட்டுப் பேருன்னா எட்டு மைக்கு, பெரிய மிக்ஸரு. எனக்கே அலுப்பாத்தான் இருக்கும்.

இருந்தாலும் ஆள் சேத்தான். எப்படிச் சேத்தான்றீங்க, ஷிஃப்ட் பஸ்ஸுலதான், நாலஞ்சு கம்பெனிக்கும் ஒரே பஸ்ஸு. எவனாச்சும் சீட்டுல வெரலால தாளம் போட்டா பக்கத்துல போயி உக்காந்துக்குவான். அப்படிக் கெடைச்சவன் ஐயனாரு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன், பேஸ் கித்தாரு. சுகப்பிரியா சங்கரன்கோயில் பொண்ணு, செல்போன் கம்பெனியில வேல, லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கா. அவ அப்பா கல்யாண வூடுங்கள்ல சாக்ஸபோன் வாசிக்கிறவரு, அவருகிட்ட கத்துக்கிட்டது. ஹாஸ்டல் வார்டன் கத்தும்னு வாத்தியத்து வாயில துணிய அடைச்சிக்கினு மொட்ட மாடியில ஊதுவா. பாட்றதுக்கு வடக்குப்பட்டுப் பையன் இனியவன், அவன் மட்டும்தான் நம்ம ஊரு. டிரம்ஸு, கித்தாரு, கீபோர்டு, ட்ராம்போனு வாசிக்கிற மத்த நாலு பேரும் ஆளுக்கொரு கம்பெனி. பேண்டுக்குப் பேரு வெச்சாங்க பாருங்க, 'ஜெனரல் ஷிஃப்ட்'டுன்னு. காலையில போயி சாயந்தரம் வர்ற ஷிஃப்டு. எட்டுப் பேர்ல ஒருத்தருக்கும் அது கெடையாது.

அங்கதான் வந்துச்சு வென. இவனுக்குக் காலையில ஷிஃப்டுன்னா அவளுக்கு ராத்திரி. அடுத்த வாரம் அப்படியே மாறும். ஒருத்தனுக்கு ஞாயித்துக்கெழம லீவு, இன்னொருத்தனுக்குப் புதன். திடீர்னு சூப்பர்வைசரு ஓ.டி. பாரு, ஷிஃப்டுக்கு மேலயும் நில்லுன்னுடுவான். ரெண்டு வருஷம் என் குடோன்ல ப்ராக்டிஸ் பண்ணாங்க, ஒருநாள் கூட எட்டுப் பேரும் சேந்து வந்ததில்ல. நாலு பேரு, அஞ்சு பேரு, மிஞ்சிப்போனா ஆறு.

அதுக்காகச் சும்மா இருந்துடுவாங்களா? கம்பெனி லைன்ல ஒருத்தரு லீவுன்னா பக்கத்துல இருக்கறவங்க அவரு வேலையும் சேத்துப் பாப்பாங்க. கவர் பண்றதுன்னு சொல்லுவாங்க. இன்னா ஆனாலும் லைன் நிக்கக் கூடாது. அதே பழக்கத்த இங்கயும் கொண்டாந்துட்டாங்க. சுகப்பிரியா வரலன்னா அவ துண்ட அருள்பாண்டி ஊதுவான். அருள்பாண்டி வரலன்னா கீபோர்டுக்காரன் பாத்துக்குவான். கித்தாரு இல்லன்னா ஐயனாரு ரெண்டு கைக்கும் வேல குடுப்பான். பள்ளம் தெரியாம ரொப்பிடுவாங்க. பாக்கறதுக்கு அவ்ளோ ஒத்துமையா இருக்கும்.

போன ஆடியில வடக்குப்பட்டுத் திருவிழா வந்துச்சு. இனியவன் உள்ளூருப் பையன்றதால விழாக் கமிட்டித் தலைவரு சண்முகசுந்தரம் ஒத்துக்கினாரு. "ஒண்ணு ரெண்டு உங்க பாட்டு பாடுங்க, நல்லா இருந்தா தொடருங்க, இல்லன்னா நம்ம கேசட்டப் போட்டுக்குவோம்"னு சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழம சாயந்தரம். அந்த ஒருநாளுக்காக அருள்பாண்டி பட்ட பாடு இருக்கே. இவன்கிட்ட ஷிஃப்ட் மாத்து, அவன்கிட்ட லீவு மாத்து, யாருக்கோ பதிலா ரெண்டு வாரம் ஓ.டி. பாத்தான். கண்ணு உள்ள போயிடுச்சு. சுகப்பிரியா, ட்ராம்போன்காரன், கித்தார்காரன், இவங்க மூணு பேருக்கும் மட்டும் அன்னிக்கே ராத்திரி ஷிஃப்டு ஆரம்பம், அத மாத்த முடியல. பஸ் வர்றதுக்கு மின்னாடி கச்சேரி முடிஞ்சிடும்னு கணக்குப் போட்டான். பாவம், விழா மேடை அவனுக்குப் பழக்கமில்ல.

சாயந்தரம் எட்டுப் பேரும் மேடைக்குப் பின்னாடி வந்து நின்னாங்க. ஐயனாருக்கும் ட்ராம்போன்காரனுக்கும் அன்னிக்குத்தான் மொத தடவ மூஞ்சிக்கு மூஞ்சி பழக்கம். ரெண்டு வருஷமா ஒரே பேண்டு. அருள்பாண்டி ஒவ்வொருத்தரா தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு இருந்தான், புள்ளைங்கள எண்ற கோழியாட்டம். எனக்கு சிரிப்பும் வந்துச்சு, மனசும் ஒரு மாரி ஆயிடுச்சு.

மேடையில பொன்னாட போத்துறாங்க, போத்துறாங்க, போத்திக்கினே இருக்காங்க. வந்தவருக்கு, வராதவரு சார்பா வந்தவருக்கு, பந்தல்காரருக்கு. எனக்கு வந்த கோவத்துக்கு மைக்க ஆஃப் பண்ணிட்டு கரண்டு போச்சுன்னுடலாமான்னு பாத்தேன். ஒருவழியா முடிச்சாங்க. இருட்டி ரொம்ப நேரம் ஆயிடுச்சு.

மொத பாட்டு ஆரம்பிச்சாங்க. அய்யோ, அத எப்படிச் சொல்லுவேன். சந்தைக்கடைதான். ஒருத்தன் வாயத் தொறக்கறதுக்குள்ள இன்னொருத்தன் அவன் துண்ட வாசிச்சிட்றான். சுகப்பிரியா எடத்துல ட்ரம்பெட்டும் ஊதுது, கீபோர்டும் ஊதுது, அவளும் ஊதுறா. கூட்டத்துல ஒருத்தன் காதப் பொத்திக்கினான். ஹாஸ்டல் பொண்ணுங்க ஐஸ் வண்டி பக்கம் திரும்பிடுச்சுங்க. சண்முகசுந்தரம் நேரா என்கிட்ட வந்து, "இன்னாமா, மைக் கோளாறா?"ன்றாரு. "என் மைக்குக்கு ஒரு கோளாறும் இல்ல"ன்னு மூஞ்சில அடிச்சாப்ல சொன்னேன். அந்தப் புள்ள ரெண்டு வருஷமா காத்துக்கினு இருந்தது இதுக்கா?

அருள்பாண்டி பாட்ட நிறுத்திட்டான். ஜனத்துக்கு முதுகக் காட்டிக்கினு ஏழு பேரையும் பாத்தான். மைக்குல லேசா கேட்டுச்சு.

"மக்கா, இன்னைக்கு ஒருத்தரும் லீவு இல்ல. எல்லாரும் வந்திருக்கோம். யாரும் யாரையும் கவர் பண்ண வேண்டாம்."

அவ்ளோதான் சொன்னான். கொரலே ஒசத்தல. ஐயனாரு தலையக் குனிஞ்சிக்கினு சிரிச்சான். டிரம்ஸுக்காரன் குச்சியத் தட்டி எண்ணுனான்.

மொத தட்டுல எட்டுப் பேரும் ஒண்ணா விழுந்தாங்க. அப்புறம் வுட்டாங்க பாருங்க ஒரு எடவெளி, அதுக்குள்ள சுகப்பிரியாவோட சாக்ஸபோன் மட்டும் ஒத்தையா வந்துச்சு. வேற ஒருத்தரும் தொடல. அவளுக்கே பயமாப் போச்சுபோல, கண்ண எறுக்கி மூடிக்கினா. அடுத்து கித்தாரு, மத்தவங்க காத்துக்கினு நின்னாங்க. இனியவன் பாட்றான், தண்ணி கேனு தூக்குறதப் பத்தின பாட்டு, அவனுங்களே கட்டுனது. ஐஸ் வண்டிகிட்ட இருந்த பொண்ணுங்க திரும்பி வந்துச்சுங்க. கூழ் ஊத்த வந்த கெழவிங்கல்லாம் தோள ஆட்டுதுங்க. அருள்பாண்டி ஊதாத நேரத்துல ட்ரம்பெட்ட நெஞ்சோட அணைச்சிக்கினு மத்தவங்களையே பாத்துக்கினு நின்னான். அழுவுறான்னு எனக்குத் தெரிஞ்சிது. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு, எதுக்கு மறைக்கணும். இத்தன வருஷமா சவுண்டு செட்டு போட்றேன், நான் கேக்கறதெல்லாம் மைக்கு கத்துதா, ஒயரு இரையுதான்றதத்தான். அன்னிக்குத்தான் பாட்டக் கேட்டேன்.

பாட்டு முடிஞ்சி கை தட்டு அடங்கல, ரோட்டுல கம்பெனி பஸ்ஸு ஆரன் அடிக்குது. மூணு பேரும் வாத்தியத்தக் கழட்டுனாங்க. சுகப்பிரியா எறங்கி ஓடியாந்து சாக்ஸபோன என்கிட்ட குடுத்தா. "உள்ள கொண்டு போவ விட மாட்டாவக்கா, வச்சிருங்க"ன்னு சொல்லிக்கினே ஐடி கார்டக் கழுத்துல மாட்டிக்கினா. காண்ட்ராக்ட் பொண்ணு, சொல்லாம ஒருநாள் நின்னா வேலையே போயிடும். மேடையத் திரும்பிப் பாத்தா. அருள்பாண்டி கையத் தூக்கிக் காட்டுனான். மூணு பேரும் ஓடிட்டாங்க.

மிச்சம் அஞ்சு பேரு. ஜனம் "ஒன்ஸ்மோர்"னு கத்துது. வாசிச்சாங்க. பழக்கம் எங்க போவும், அருள்பாண்டி சுகப்பிரியா துண்டையும் சேத்து ஊதுனான், கீபோர்டுல ட்ராம்போன் வந்துச்சு, ஐயனாரு கித்தாருக்கும் சேத்து மொழக்குனான். பிச்சி ஒதறிட்டாங்க. பசங்க சட்டையக் கழட்டிச் சுத்தி ஆடுனானுங்க. சண்முகசுந்தரமே மேடை ஓரத்துல ரெண்டு ஸ்டெப்பு போட்டாரு.

முடிஞ்சதும் அருள்பாண்டிக்கு அவரு கையால பொன்னாட. "தம்பி, அடுத்த வருஷமும் நீங்கதான். மாத்தூர்லயும் கேக்குறாங்க, நான் சொல்லி வுடுறேன். ஆனா அஞ்சு பேரே வாங்க. அந்த மூணு பேரு போனப்புறம்தான்பா சூடே புடிச்சிது."

அருள்பாண்டி பொன்னாடைய மடிச்சிக்கினே, "எட்டுப் பேருன்னா வாறோம்யா"ன்னான்.

"அஞ்சு பேரே போதும்னு சொல்றேன்ல."

"இல்லய்யா. எட்டுப் பேருன்னாதான்." மரியாதையாத்தான் சொன்னான். அவரு ஒரு மாரி பாத்துட்டுப் போயிட்டாரு. மாத்தூரும் அதோட போச்சு.

எனக்கு வந்துச்சே கோவம். ஒயரச் சுத்திக்கினே வாங்கு வாங்குன்னு வாங்குனேன். "உனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? ரெண்டு வருஷம் என் குடோனத் தேச்ச. வூடு தேடி மேடை வருது, வேணாம்ன்ற. அஞ்சு பேரு வாசிச்சதே நல்லாத்தானே இருந்துச்சு?"

அவன் மைக் ஸ்டாண்ட மடக்கி வண்டியில வெச்சிட்டு வந்தான்.

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா. சுகப்பிரியா போனது இங்கன ஒருத்தருக்கும் தெரியல, பாத்தியளா. ரெண்டு பாட்டுக்குள்ள எனக்கே மறந்துபோச்சு."

அதுக்கு மேல நான் அவனத் திட்டல. சாக்ஸபோன் பெட்டிய எடுத்து வண்டியில மின்னாடி சீட்டுல, என் பக்கத்துலயே வெச்சிக்கினேன்.

அப்புறம் இன்னி வரைக்கும் அவங்களுக்கு ஒரு மேடையும் அமையல. அருள்பாண்டி மேடை கேக்கறத நிறுத்தல, கமிட்டிக்காரங்களும் எட்டுப் பேரான்னு கேக்கறத நிறுத்தல. வார லீவு கெடைக்கறவங்க குடோனுக்கு வந்துட்றாங்க. ஆனா இப்ப யாரும் யாரையும் கவர் பண்றதில்ல. சுகப்பிரியா வராத அன்னிக்கு அவ எடம் வந்தா, வந்திருக்கற நாலு பேரும் கைய எடுத்துட்டு சும்மா நிக்கிறாங்க. அவ எடம் முடிஞ்சதும் மறுபடி வாசிக்கிறாங்க.