எண்ணூறு மில்லி

அந்தத் தெருவில் அவளுக்கு ‘இன்னொண்ணு அக்கா’ என்று பெயர். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. யார் சாப்பிட உட்கார்ந்தாலும் கரண்டியோடு தட்டருகே வந்து, “இன்னொண்ணு வச்சுக்கோங்க” என்று நிற்பாள். கையெழுத்து வாங்க வரும் தபால்காரர்கூட வாயில் எதையாவது போட்டுக்கொள்ளாமல் அந்த வீட்டுப் படி இறங்க முடியாது.

இரண்டு மகள்களும் கல்யாணமாகிப் போன பிறகு மாடியில் மூன்று அறைகள் சும்மா கிடந்தன. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணவர், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வண்டியை விட்டுவிட்டார். ‘தங்க அறை, காலை உணவுடன்’ என்று அவரே ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினார். எழுத்துகள் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருந்தன. அவளுக்கு அதில் ஒரு பயமும் இல்லை. சமைத்துப் போடுவதுதானே, அதை முப்பது வருடமாகச் செய்துகொண்டுதானே இருக்கிறோம் என்று நினைத்தாள்.

முதல் வருடத்திலேயே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. ஒருவருக்குக் கோதுமை ஆகாது. ஒருவர் முட்டை தொடமாட்டார், ஆனால் முட்டை போட்ட கேக் என்றால் இரண்டு துண்டு கேட்பார். இன்னொருவர் பூமிக்குக் கீழே விளைந்த எதையும் சாப்பிடமாட்டார். பால் ஒத்துக்கொள்ளாத ஒரு இளைஞருக்கு, பால்பவுடர் கலந்த பன் என்று தெரியாமல் பாசத்தோடு மூன்று வைத்துவிட்டாள். அன்று முழுக்க அவர் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றபடி “தம்பி, மன்னிச்சுக்கோப்பா” என்று அவள் அழுததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் சமையலறைச் சுவரில் ஒரு கரும்பலகை வந்தது. அறை எண், அதற்குக் கீழே ஆகாதவை. உதவிக்கு வரும் கொழுந்தன் மனைவி தினமும் காலையில் அதை உரக்கப் படிப்பாள்.

“ஒண்ணாம் ரூம், பால் கிடையாது. ரெண்டாம் ரூம், கோதுமை கிடையாது, சர்க்கரை கிடையாது, எண்ணெய் கிடையாது. ஏன்க்கா, இவரு ஊருக்கு வந்தது தங்கறதுக்கா, தவம் பண்றதுக்கா?”

“வாயை மூடிட்டு ஓட்ஸைக் கிண்டுடி. அடிப்பிடிக்குது.”

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு கோடையில்தான் வாத்தியாரும் அவர் தங்கையும் வந்தார்கள். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவர்கள் ஊரில் அதற்கான இயந்திரம் இல்லை, இங்கே மருத்துவமனையில் இடம் கிடைத்திருந்தது. மூன்று மாதத்துக்கு மூன்றாம் அறை வேண்டும் என்றார்கள். தங்கை ஐம்பதைத் தாண்டியவள், மெலிந்த உடம்பு. பையை வைத்ததும் முதல் வேலையாக நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி கூடாது. உருளைக்கிழங்கை வெட்டி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டிவிட வேண்டும். உப்பு கிட்டத்தட்ட இல்லை. இதெல்லாம் இன்னொண்ணு அக்காவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கடைசி வரியில்தான் கண் நின்றது. ஒரு நாளைக்குத் தண்ணீர், டீ, கஞ்சி எல்லாம் சேர்த்து எண்ணூறு மில்லி.

“எண்ணூறுன்னா... ஒரு வேளைக்காம்மா?”

“ஒரு நாளைக்குக்கா. அதுக்கு மேல போனா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும்.”

கரும்பலகையில் மூன்றாம் அறைக்குக் கீழே ‘தண்ணீர்’ என்று எழுதும்போது அவளுக்குக் கை கூசியது. கொழுந்தன் மனைவி அன்று அந்த வரியை உரக்கப் படிக்கவில்லை.

வாத்தியார் முகம் கோணாதவர். உப்பில்லாத முட்டையைச் சாப்பிட்டுவிட்டு, “பிரமாதம்மா, ஒரு ருசியும் தெரியல. டாக்டர் கேட்டா சந்தோஷப்படுவார்” என்பார். அரைக் கோப்பை டீயை முக்கால் மணி நேரம் குடிப்பார். அவர் பக்கத்தில் போய் நிற்கும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் ‘இன்னொண்ணு’ என்று நாக்கு நுனி வரை வரும். கெட்டிலைப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். மற்ற அறைக்காரர்கள் பழச்சாறு கேட்டால், அவர் எழுந்து போகும்வரை எடுத்து வரமாட்டாள்.

ஒருநாள் அவர் அவள் கணவரிடம் சொன்னார்: “சார், தப்பா நினைக்காதீங்க. எங்க ரூம் குழாய் சொட்டுது. படுத்தா அந்தச் சத்தம்தான் கேக்குது. ஒரு நிமிஷத்துக்குப் பதினாலு சொட்டு. எண்ணிட்டே இருக்கேன்.”

கணவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு, வலிக்கும் காலோடு மாடியேறிப் போய் வாஷரை மாற்றிவிட்டு வந்தார். கீழே வந்ததும் சமையலறையில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்தவர், குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. இரண்டாவது மாதம், டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள். தங்கை மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். கொழுந்தன் மனைவிக்கு லீவு. பத்து மணி இருக்கும். இன்னொண்ணு அக்கா உருளைக்கிழங்கு ஊறவைத்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் கதவுப் பக்கம் வந்து நின்றார். உதடு வெடித்திருந்தது.

“ஏம்மா, ஒரு டம்ளர் தண்ணி.”

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு ஐஸ்கட்டியைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். அதற்கு அனுமதி உண்டு. அவர் அதை வாயில் போட்டார். கரைந்து முடிந்ததும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒரே ஒரு டம்ளர்மா. அளக்காம. சும்மா எடுத்துக் குடிக்கிற மாதிரி.”

“வேணாம் சார். தங்கச்சி வந்துடட்டும்.”

“அவ வந்தா அளப்பா.”

“என்னால முடியாது சார். என்னைக் கேக்காதீங்க.”

“சரிம்மா” என்றார். கோபமே இல்லை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து மண்பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், யாரோ வீட்டுச் சமையலறையில் தண்ணீருக்காக உட்கார்ந்திருக்கிறார். அவள் வடித்த தண்ணீர் இன்னும் தொட்டியில் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. கொடுக்கவும் முடியவில்லை, இல்லை என்று இன்னொரு முறை சொல்லவும் வாய் வரவில்லை.

“துணி காயப்போட்டேன், எடுத்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். கொடியில் ஒரு துணியும் இல்லை. வெறும் கயிற்றைப் பிடித்தபடி வெயிலில் நின்றாள். உள்ளே பானை மூடி நகரும் சத்தம் கேட்டது. ஒரு முறை. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. பிறகு மறுபடியும், மறுபடியும்.

திரும்பி வந்தபோது அவர் இல்லை. டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் மருத்துவமனையில் வழக்கத்தைவிட ஒன்றரைக் கிலோ எடை கூடுதலாகக் காட்டியது. அவ்வளவு நீரையும் இயந்திரம் இழுத்தபோது அவருக்கு ரத்த அழுத்தம் குறைந்து, கால் நரம்புகள் முறுக்கிக்கொண்டு, கத்திவிட்டாராம். ஒருநாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். அவரைப் படுக்கவைத்துவிட்டுத் தங்கை கீழே வந்து சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்தாள்.

“நான் அளந்துதான்க்கா கொடுத்தேன். எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியல. டாக்டர் என்னைத்தான் திட்டினார்.”

இன்னொண்ணு அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கொல்லை, வெறும் கொடி, பானை மூடிச் சத்தம் எல்லாம். “நான் கொடுக்கல. ஆனா தெரிஞ்சேதான் எழுந்து போனேன். கொடுத்ததைவிட அது மோசம்” என்றாள்.

தங்கை கத்தப்போகிறாள், அறையைக் காலி செய்யப்போகிறாள் என்று அவள் காத்திருந்தாள்.

“அந்த மருந்துக்கடை நம்ம தெரு முனையிலதான்க்கா இருக்கு” என்றாள் தங்கை கடைசியில். “அஞ்சு நிமிஷ வேலை. நான் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வருவேன். வாரத்துக்கு ஒரு நாள் அப்படிப் போவேன். அண்ணன் ஒரு வாய் குடிச்சுக்கட்டும், நான் பாக்க வேணாம்னு. ஒரு வாய்தான் குடிப்பார்னு நினைச்சேன்.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாடியில் அவர் இருமுவது கேட்டது. யார் மேலே போவது என்று இருவருமே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தங்கை எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அவர் ஒரு முறைகூடச் சமையலறைப் பக்கம் வரவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல், கொடுத்த அரைக் கோப்பை டீயிலும் கொஞ்சம் மீதி வைத்தார். அது அவளை இன்னும் வதைத்தது. மருத்துவர் எண்ணூறை அறுநூறாகக் குறைத்தார். மூன்று மாதம் முடிந்ததும் அவர்கள் ஊருக்கு அருகிலேயே ஒரு மருத்துவமனையில் இடம் கிடைத்துப் போய்விட்டார்கள். கிளம்பும்போது வாத்தியார் கும்பிட்டு, “உங்க வீட்ல நான் நல்லாத்தான் இருந்தேன்மா” என்றார். அவள் தலையாட்டினாள்.

மறுவருடம் தங்கை போனில் அழைத்தாள். வாத்தியார் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ‘கடைசியில தண்ணி கொடுத்தீங்களா’ என்று கேட்க நினைத்து, கேட்காமலேயே போனை வைத்தாள் இன்னொண்ணு அக்கா. அன்று காலை மூன்று அறைகளிலும் ஆள் இருந்தார்கள். எல்லோருக்கும் சரியாகத்தான் சமைத்துப் போட்டாள்.

போன மாதம் ஒரு பெண் அழைத்தாள். அப்பாவுக்கு டயாலிசிஸ், ஒரு மாதம் தங்கவேண்டும், சாப்பாட்டில் சில கட்டுப்பாடு உண்டு என்றாள். “ரூம் காலி இல்லம்மா” என்று சொல்லிவிட்டாள் இன்னொண்ணு அக்கா. மாடியில் இரண்டு அறை காலியாகக் கிடந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கொழுந்தன் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். எதற்கும் வாயடிப்பவள், அன்று குனிந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

அடுத்த நாள் காலை வரை அது நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. அந்த எண்ணுக்குத் தானே போன் செய்து, “ரூம் காலியாயிடுச்சு, அப்பாவைக் கூட்டிட்டு வாங்க” என்றாள்.

“பரவாயில்லைங்க. வேற இடம் பாத்துட்டோம்” என்றாள் அந்தப் பெண்.

“அங்க பாத்துப்பாங்களா?” என்று கேட்டாள் இன்னொண்ணு அக்கா. ஆனால் அதற்குள் மறுமுனையில் வைத்துவிட்டிருந்தார்கள்.