அர்பாப் ஊரில் இல்லாதபோது

கம்ப்யூட்டரில் நெல்லைக்காரர்கள் கூடும் சாட் அறைக்குள் எப்போது நுழைந்தாலும் எனக்குத் திரை வெறுமையாகத்தான் இருக்கும். பத்துப் பேர் அதுவரை பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். அதில் ஒரு வரிகூட எனக்குக் கிடைக்காது. திருநெல்வேலி ஜங்ஷன் டீக்கடைக்குப் பிந்திப் போனாலும், "விஷயம் என்னன்னா வே" என்று ஒருத்தர் முதலிலிருந்து தொடங்குவார். தோஹாவில் எனக்கு அப்படி யாரும் இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரம், பிரவுசிங் சென்டரில், அந்தத் திரைதான் ஊர்.

எட்டாவதோடு நின்றவன் நான். இங்கிலீஷ் எழுத்துகளைத் தேடித்தேடித் தமிழ் அடிப்பேன். அர்பாப், அதாவது முதலாளி, கையெழுத்துப் போடாமல் இந்த நாட்டைவிட்டு வெளியேற முடியாது. அவர் வெளிநாட்டில் இருக்கும்போது வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால்? ஒருநாள் சாட்டில் கேட்டே விட்டேன். 'பொருநை' என்ற பெயரில் வருகிறவர் யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் தாள், எந்த ஜன்னல் என்று வரிசையாக அடித்தார். "ஒண்ணும் பயமில்ல வே, நாங்க இங்கனதான கெடக்கோம்" என்றார். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற நான் அன்று மட்டும் கவலைப்படவில்லை. எதையும் குறித்துக்கொள்ளவும் இல்லை.

நாலு மாதம் கழித்து, என்னோடு தங்கியிருக்கும் இசக்கிக்குச் சேரன்மகாதேவியிலிருந்து போன். அவன் அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. எங்கள் இருவருக்கும் ஒரே அர்பாப். அவர் லண்டனில். நான் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். பொருநை இல்லை. இருந்தவர்கள் ஆளுக்கொரு ஆபீஸைச் சொன்னார்கள். "இதையேதாம்ல போன வாரமும் ஒருத்தன் கேட்டான். யாரோ சொன்னாவ, மறந்துட்டு" என்றார் ஒருவர். அன்று பேசியதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கவுண்டரிலிருந்த எகிப்துக்காரரிடம் திரையைக் காட்டிக் கேட்டேன். இன்னொரு மணி நேரம் கேட்கிறேன் என்று நினைத்து, சிரித்தபடி டோக்கன் கிழித்தார்.

பொருநையின் சொந்தப் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஊரில் என்றால் எந்தத் தெரு என்று விசாரித்துப் போய் எழுப்பியிருப்பேன்.

மறுநாள் தவறான ஆபீஸ் வரிசையில் நின்றோம். சரியான இடத்தைக் கண்டுபிடித்துப் போவதற்குள் மூடிவிட்டார்கள். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, இங்கே வார விடுமுறை. இசக்கி விமானம் ஏறியது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையே அப்பாவை எரித்துவிட்டார்கள்.

அங்கிருந்து கூப்பிட்டான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். "லே, பேப்பர் எடு. நாம சுத்துன வழிய ஒவ்வொண்ணாச் சொல்லுதேன், எழுது. அடுத்தவனாவது மொகத்தப் பாக்கட்டும்" என்றான்.

எழுதி, எங்கள் அறைக்கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். சட்டம் மாறியிருக்குமோ என்று இப்போது அதற்கும் பயம். காலையில் வேலைக்குக் கிளம்பக் கதவை உள்ளே இழுக்கும்போது, ஊருக்குப் போகும் வழி முகத்துக்கு நேரே வருகிறது. பிறகு சுவரோரம் ஒதுங்கிக்கொள்கிறது. நான் வெளியே போகிறேன்.