ராசம்மாவின் மாடும் ஒன்பதாவது விதியும்

போன சனிக்கிழமை காலை. பக்கத்து வீட்டு ராசம்மா மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். சினை மாடு. இன்றோ நாளையோ என்று நிற்கிறது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தேன்.

தலைவர் வந்தார். கையில் கொப்பி. காதில் பேனா.

தலைவர் என்றால் கட்சித் தலைவர் இல்லை. எங்கள் குடியிருப்பாளர் நலன்புரிச் சங்கத்தின் தலைவர். பெயர் தங்கராஜ். மொத்தம் இருபது வீடு. அதற்கு ஒரு சங்கம்.

"ராசம்மாக்கா, நாளைக்குள்ள மாட்ட எடுத்துருங்க. கொட்டிலையும் பிரிச்சிருங்க."

"எங்கங்க எடுக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது. விதி இருக்கு. ஒம்பதாவது விதி."

"மாடு வத்துற வரைக்கும் தெனமும் குடிச்சீங்களே டீ… அதுக்குப் பாலு எங்கேருந்துங்க வந்துச்சு?"

தலைவர் கொப்பியில் என்னவோ எழுதினார். போய்விட்டார். கன்று போட்டால் மறுபடியும் அவர் வீட்டுக்குப் போவது இந்த மாட்டுப் பால்தான். பால் வேண்டும், மாடு வேண்டாம் — இது என்ன கணக்கு?

நாங்கள் வீடு மாறிய கதையைப் போன வருஷம் இதே பத்திரிகைப் பக்கத்தில் எழுதினேன். மண் சரியும் என்று தேயிலைத் தோட்டத்து லயத்தை, சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வீட்டு வரிசையை, காலி பண்ணச் சொன்னார்கள். மேட்டில் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். வந்த அன்றைக்குச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் யாரும் இருமவில்லை. நாலு சுவரும் என்னுடையது.

பத்து மாசம்தான். சங்கம் வந்துவிட்டது.

சங்கம் கூடாது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் வராவிட்டால் போய்ப் பேச ஆள் வேண்டும். ஆனால் தங்கராஜின் ஆசை வேறு. கொழும்புப் பக்கம் கடலோரத்தில் ஒரு வீட்டுத் திட்டத்தில் எட்டு வருஷம் வாட்ச்சராக இருந்தவர். அங்கேயும் சங்கம் உண்டாம். எல்லா வீட்டுக்கும் ஒரே பெயின்ட். வீட்டு முன்னால் துணி காயப்போடக் கூடாது. கடலைப் பார்த்து பெஞ்ச் உண்டு. அதில் வாட்ச்சர் உட்காரக் கூடாது.

இதை அவர் பெருமையாகச் சொல்கிறார்! உட்கார விடாத பெஞ்சைப் பற்றி ஒரு மனிதன் பெருமைப்படுவானா?

சரி. ராசம்மா என்ன செய்வாள்? புருஷன் இல்லை. கொழுந்து பறித்து வரும் கூலி பாதி மாசம் ஓடும். மீதி இந்த மாடு. மகள் பண்டாரவளையில் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். அந்தப் பிள்ளை தினமும் பஸ் ஏறுவது இந்தப் பாலில்தான். பழைய லயத்துக்கு மாட்டைக் கொண்டுபோக வழி இல்லை. போன மழையில் அங்கே நாலு காம்பரா வீடு மண்ணுக்குள் போய்விட்டது. விற்கத்தான் வேண்டும். அவசரத்துக்கு விற்றால் மாடு எங்கே போகும்? இறைச்சிக்குப் போகும். வயிற்றில் கன்றோடு.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். முன்பள்ளிக் கட்டிடத்தில். உட்காரச் சின்னப் பிள்ளைகளின் நாற்காலி. முழங்கால் நெஞ்சில் முட்டியது.

சுவரில் விதிகளை ஒட்டியிருந்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன அன்றைக்கு எல்லாரும் போட்டோம். ஒருவரும் வாசிக்கவில்லை. நானும்தான். அது என் தப்பு.

எழுந்து போய் வாசித்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும்.

'வெளியாள் தங்கினால் தலைவருக்கு அறிவிக்க வேண்டும்.'

அந்த வரியில் நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த வரி. லயத்தில் இருந்த காலத்தில் தோட்டத்து ஆபீஸ் வாசலில், தோட்டத்தை நடத்திய துரையின் உத்தரவு என்று ஒரு பலகை இருந்தது. அதில் இருந்த வரி. என் அக்காவை மொனராகலையில் கட்டிக்கொடுத்திருந்தோம். கைக்குழந்தையோடு வந்து மூன்று நாள் தங்கினாள். கங்காணி வந்து கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் அப்பா தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் அரை நாள் நின்றார். எதற்கு? பெற்ற மகள் வீட்டுக்கு வந்ததற்கு!

செயலாளரைக் கேட்டேன். அவர் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். தலையைச் சொறிந்தார். சங்கத்துக்கு விதி வேண்டும் என்றார்களாம். எழுதத் தெரியவில்லையாம். ஆபீஸில் கிடந்த பழைய விதியை எடுத்து, 'துரை' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'தலைவர்' என்று மாற்றி டைப் அடித்துவிட்டார். தலைவருக்குப் பிடித்துப்போனது. பிடிக்காதா பின்னே?

ஒரே ஒரு இடத்தில் மாற்ற மறந்துவிட்டார். சத்தமாக வாசித்தேன்.

"ஒன்பது. துரையின் அனுமதி இன்றி குடியிருப்பில் ஆடு மாடு வளர்க்கக் கூடாது."

திரும்பித் தங்கராஜைப் பார்த்தேன். "எந்தத் தொரை தம்பி?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அது டைப்பிங் மிஸ்டேக்ண்ணே."

"மிஸ்டேக் அது ஒண்ணுதானா?"

"சட்டதிட்டம் வேணும்ண்ணே. இல்லாட்டி இதுவும் லயமாப் போயிரும்."

"லயத்துல தொரைகூட மாட்டுக் கொட்டிலுக்கு எடம் விட்டான். நீ அதையும் புடுங்கிற."

சிரிப்பு நின்றது. ராசம்மா எழுந்தாள்.

"நாத்தம் வருதுன்னா ரெண்டு வேளையும் சாணி அள்ளுறேங்க. மாட்ட மட்டும் கேக்காதீங்க."

பாதிப் பேர் அவளிடம் பால் வாங்குகிறவர்கள். தரையைப் பார்த்தார்கள். இருபது வீட்டிலும் வாய் இருக்கிறது… டீ குடிக்க.

"அடுத்த கூட்டத்துல பாப்போம்" என்று தலைவர் கொப்பியை மூடினார்.

செவ்வாய்க்கிழமை மாடு கன்று போட்டது. கிடாரிக் கன்று. முதல் பாலைச் சீனி, ஏலக்காய் போட்டுக் காய்ச்சி வீடு வீடாகக் கொடுப்பது எங்கள் பழக்கம். சீம்பால். ஒரு வீட்டையும் விடக்கூடாது.

"தலைவர் வீட்டுக்குக் குடுக்காத" என்றேன்.

"அப்புடிச் செய்யக் கூடாதுண்ணே. கன்னுக்கு ஆகாது."

"அவன் உன் கொட்டிலப் பிரிக்கச் சொன்னவன்."

"அவரு சொன்னாரு. அவரு வீட்டுப் புள்ளைங்க என்னண்ணே செஞ்சிச்சு?"

கொண்டுபோய்க் கொடுத்தாள். தலைவரின் சம்சாரம் வாங்கிக்கொண்டு, பாத்திரத்தில் ஒரு பிடி சீனி போட்டுத் திருப்பிக் கொடுத்ததாம். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லையே. தலைவர் உள்ளேதான் இருந்திருக்கிறார். வெளியே வரவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டதாம்.

ராசம்மாவுக்குக் கோபம் ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. அடுத்த கூட்டம் என்று ஒன்று இருக்கிறதே. விதி அங்கேயேதான் இருக்கிறது.

துரைமேல் கோபம் இல்லை. அவர் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கோபம் எங்கள் மேல்தான். லயத்தை விட்டு வரும்போது சட்டி பானையைக் கட்டினோம், சாமி படத்தைக் கட்டினோம். அந்தப் பலகையை யார் தூக்கிவரச் சொன்னது?

நேற்று முன்பள்ளிக்குப் போனேன். ஒன்பதாவது விதியின் மேல் பேனாவால் நீளமாக ஒரு கோடு இழுத்தேன்.

துரையிடம் அனுமதி கேட்கவில்லை.